அழைக்காத காளைகள்

பேருந்திலிருந்து இறங்கி, சேற்றுப் பாதையில் கடலை நோக்கிப் பாதி தூரம் நடந்த பிறகும் ஒட்டிலியா தன் அண்ணனிடம் ஒரு வார்த்தை பேசவில்லை.

அவளுடைய கோபத்துக்குக் காரணம் இருந்தது. காஸ்த்ரோ நகரில் அம்மாவை அடக்கம் செய்த ஈரம் காயும் முன்பே, புவேர்த்தோ மோன்த்திலிருந்து வந்த மர வியாபாரியோடு அண்ணன் ரோசமேல் கை குலுக்கிவிட்டார். நாளைக் காலை லாரி வரும். அப்பா கட்டிய லா எஸ்பேரா விடுதியைப் பலகை பலகையாகப் பிரித்து ஏற்றிக்கொண்டு போகும். அது அலெர்செ மரத்தால் ஆனது. அந்த மரத்தைக் காட்டில் வெட்ட இப்போது சட்டம் விடுவதில்லை. பழைய வீடுகளின் உடம்பில் இருப்பதுதான் மிச்சம். அதனால் வியாபாரிக்கு அவசரம்.

ஒட்டிலியாவின் ஆசை வேறு. இறந்துபோன அவள் கணவர் விட்டுச் சென்ற நிலம் மேலே சாலையோரம் கிடக்கிறது. விடுதியை அப்படியே அங்கே கொண்டுபோய் நிறுத்தி, மறுபடியும் அடுப்பு மூட்ட வேண்டும் என்று அவள் கேட்டாள். சிலி நாட்டின் இந்தச் சிலோவே தீவில் வீடுகளும் ஊர் விட்டு ஊர் போகும். அக்கம்பக்கத்தார் கூடி, வீட்டை உருளைமரங்களின் மேல் ஏற்றி, காளைகளைப் பூட்டி, வேண்டிய இடத்துக்கு இழுத்துவிடுவார்கள். அந்தக் கூட்டு வேலைக்கு மிங்கா என்று பெயர்.

“யாரு இழுப்பா? இந்த ஊருக்காரங்களா?” என்று ரோசமேல் அன்றைக்கே சிரித்திருந்தார். “அதையும்தான் ஒரு தடவ பாத்தாச்சே.”

கடைசியில் அவள் கேட்டது ஒன்றுதான். பிரிப்பதற்கு முன்னால் ஒரு பகல் அந்த வீட்டுக்குள் இருக்க வேண்டும். அண்ணனும் கூட வர வேண்டும். ரோசமேலால் அதை மறுக்க முடியவில்லை.

பாதை திரும்பியது. குடாவின் கரையில், ஆப்பிள் மரங்களுக்குப் பின்னால், விடுதி நின்றிருந்தது.

இடிந்து கிடக்கும் என்று எதிர்பார்த்துத்தான் அவர் வந்தார். தெற்கே புன்டா அரேனாஸின் இறைச்சி ஆலையில் உழைத்துக் கழித்த காலமெல்லாம், அந்த வீட்டை அவர் மனத்துக்குள் பலமுறை இடித்துப் போட்டிருந்தார். அது இடியாமல், மழையில் வெள்ளிபோல் நரைத்த மர ஓடுகளோடு, முதுகு நிமிர்த்தி நின்றது. அந்த நிமிர்வு அவருக்கு எரிச்சலைத் தந்தது.

“கதவு தெறக்குமான்னு பாரு,” என்றார்.

“ஏன், நாளைக்குக் கடப்பாரையோட வர்றவன் தெறக்க மாட்டானா?” என்று ஒட்டிலியா முதல்முறையாக வாய் திறந்தாள்.

கதவு முனகாமல் திறந்தது.

உள்ளே காத்திருப்புக் கூடம். சாலை வராத நாள்களில் இந்தக் குடாவுக்குக் கப்பல்தான் எல்லாம். கப்பலோ காற்று விட்டால் வரும், விடாவிட்டால் வராது. அதனால்தான் விடுதிக்கே காத்திருப்பு என்று பொருள்படும் பெயர். கடலைப் பார்த்த சன்னலுக்கு எதிரே நீண்ட பெஞ்சு, காத்திருந்தவர்களின் உடம்பு பட்டுப் பட்டுக் கண்ணாடிபோல் வழவழத்திருந்தது. சுவரில் வரிசையாக ஆணிகள். நனைந்த கம்பளிப் போர்வைகளை அதில்தான் மாட்டுவார்கள். தலைமுறை தலைமுறையாகச் சொட்டிய நீர், ஆணிகளுக்கு நேர் கீழே தரைப் பலகையில் கறுத்த பட்டையாய் ஓடியிருந்தது. ரோசமேல் தன்னை அறியாமல் அந்தப் பட்டையைத் தாண்டிக் கால் வைத்தார். சிறுவயதில் அந்த ஈரத்தில் வழுக்கி விழுந்து விழுந்து பழகிய கால் அது.

“தாண்டுறியே!” ஒட்டிலியா சிரித்துவிட்டாள். “காஞ்சு எத்தன காலமாச்சு!”

“காலு மறக்கல,” என்றார் அவர், கொஞ்சம் வெட்கத்தோடு.

அந்தச் சிரிப்பில் கோபம் பாதி இளகிற்று. இருவரும் அறை அறையாக நடந்தார்கள்.

இந்த மூலையில்தான் ஊர் ஊராகச் சுற்றும் பல் மருத்துவர் நாற்காலி போட்டது. புயலில் கப்பல் வராமல் வாரக்கணக்கில் மாட்டிக்கொண்ட அந்த மனிதர், பொழுது போகாமல் இந்தக் குடாவில் ஆடிய பல், ஆடாத பல் எல்லாவற்றையும் பிடுங்கித் தள்ளினார். அதோ அந்தப் படிக்கட்டில்தான், தையல் இயந்திரத்தைச் சீதனமாகத் தூக்கிக்கொண்டு வந்த மணப்பெண், அதை யாரையும் தொடவிடாமல் அதன் மேலேயே தலை வைத்து உறங்கினாள். ஆடுகளுக்கு உரோமம் கத்தரிக்கத் தெற்கே போகும் ஆண்கள் மாடியில் படுத்து இரவெல்லாம் அக்கார்டியன் வாசிப்பார்கள். அம்மா துடைப்பக் கட்டையால் உத்தரத்தை இடிப்பாள். சற்று நேரம் நிற்கும். பிறகு மெதுவாகத் தொடங்கும். அப்போது அம்மாவே அடுப்படியில் காலால் தாளம் போட்டுக்கொண்டிருப்பாள்.

“பெரிய சட்டி எப்பவும் இந்த அடுப்புலயே இருக்கும், ஞாபகமிருக்கா?” ஒட்டிலியா அடுப்பின் விளிம்பைத் தடவினாள். “கப்பலுக்கு வந்தவனா, சும்மா மழைக்கு ஒதுங்குனவனான்னு அப்பா கேட்டதே இல்ல. கிண்ணத்த நீட்டுனா சூப்பு.”

“அதான் நல்லாத் திருப்பிச் செஞ்சாங்களே!” ரோசமேலின் குரல் மீண்டும் இறுகியது.

அவருக்குப் பதினாறு வயதாயிருந்தபோது மேலே சாலை வந்தது. கப்பல் நின்றது. அப்பா பெலார்மீனோ, விடுதியைச் சாலைக்கு இழுத்துவிடலாம் என்று முடிவு செய்தார். நாள் குறித்தார். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் தேவாலயத்தில் அறிவிக்கச் சொன்னார். சன்னல்களைக் கழற்றி, வீட்டின் அடியில் உருளைமரம் கொடுத்து, வருகிறவர்களுக்கென்று ஒரு கன்றை அடித்துக் குழம்பு வைத்து, ஆப்பிள் மதுப் பீப்பாயைத் திறந்து வைத்துக் காத்திருந்தார்.

ஒரு காளையும் வரவில்லை.

மாலையில் அப்பா குழம்புச் சட்டியைத் தாமே தூக்கிச் சென்று கடலில் கவிழ்த்தார். கடற்பறவைகள் கூட்டமாய் வந்து தின்றன. அடுத்த மாரிக்காலத்துக்குள் குடும்பம் காஸ்த்ரோவுக்குப் போய்விட்டது. அங்கே அப்பா இன்னொருவரின் உணவுக்கடையில் தட்டுக் கழுவினார். அந்தக் காட்சியை ரோசமேல் இந்த ஊருக்கு மன்னித்ததே இல்லை.

“அம்மா ஒரு கத சொல்லுவாளே, நீர்நாய் கத,” என்றாள் ஒட்டிலியா, மாடி ஏறிக்கொண்டே. “காஸ்த்ரோ போனப்புறந்தான் சொல்ல ஆரம்பிச்சா.”

“கதையா இப்ப முக்கியம்?”

அவள் விடவில்லை. கடல் நடுவே ஒரு நீர்நாய்க்குச் சொந்தமாக ஒரு பாறை இருந்ததாம். புயல் வந்தால் எல்லாப் பறவைகளும் அதில்தான் ஒதுங்கும். நீர்நாய் நகர்ந்து படுத்து இடம் கொடுக்கும். ஒரு நாள் அதன் வால் பாறை இடுக்கில் சிக்கிக்கொண்டது, அலையோ ஏறிக்கொண்டிருந்தது. ‘இத்தனை நாள் என் பாறையில் உட்கார்ந்தவை, பார்த்தாலே புரிந்துகொள்ளும்’ என்று நீர்நாய் மல்லாந்து வானத்தைப் பார்த்தபடி கிடந்தது. மேலே வட்டமிட்ட பறவைகள், ‘கூப்பிடவில்லையே, வெயில் காய்கிறது போலும், போய்த் தொந்தரவு செய்வானேன்’ என்று கலைந்து பறந்தன.

“அந்தப் பறவைங்க நன்றி கெட்டதுங்க. அதான் கத,” என்றார் ரோசமேல்.

“அம்மா அப்படிச் சொல்லி முடிக்க மாட்டா. அப்பாவப் பாப்பா. அப்புறம் வெளக்க அணைச்சிடுவா.”

மாடியில் சாய்ந்த கூரைக்குக் கீழே அவர்கள் உறங்கிய அறை. ரோசமேல் நிமிர்ந்து பார்த்தவர் அப்படியே நின்றுவிட்டார். கூரையின் உட்புறத்தில், கறுத்துப்போன பலகைகளின் நடுவே, அங்கங்கே வேறு நிறம். பழுப்பு மாறாத சில ஓடுகள். சற்றே நரைத்த சில. ஒரே காலத்தில் போட்டவை அல்ல. வெவ்வேறு ஆண்டுகளில், வெவ்வேறு கைகள் ஒழுகிய இடத்தை மாற்றியிருந்தன.

அவர் விடுவிடுவென்று இறங்கிப் போய் வீட்டைச் சுற்றி வந்தார். குனிந்து அடித்தளத்தைப் பார்த்தார். வீட்டைத் தாங்கும் மரக்கால்களில் பாதிக்கு மேல் அப்பா நட்டவை அல்ல. புகைபோக்கியைத் தட்டினார், கரி கொட்டவில்லை.

“ஒட்டிலியா! இவ்வளவு செலவு செஞ்சிருக்க. எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லக் கூடாதா?”

“நானா?” பின்னாலேயே இறங்கி வந்த அவள் விழித்தாள். “மேல நெலத்துக்கு வர்றப்பல்லாம் கூரையப் பாத்துட்டு, நீ தெக்கேருந்து ஆள் விட்டுப் பாத்துக்கிட்டு இருந்தேன்னுல்ல நெனச்சேன்! அதான் நீ விக்கிறேன்னு நின்னப்ப எனக்குப் புரியல, வெளியில சொல்லிக்காம காப்பாத்தினவன் இப்ப ஏன் இப்படின்னு.”

“நான் ஒரு ஆணிகூட அடிக்கல.”

அண்ணனும் தங்கையும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அப்போது வேலிப் பக்கம் குரல் கேட்டது.

“நீ வீட்டுக்கு அடியில தலைய விட்டத மேட்டுலேருந்தே பாத்தேன், ரோசமேலு. வயசானதுக்கப்புறமும் தரையில ஊர்ந்துகிட்டுத்தான் இருக்கியா?”

நோல்ஃபா சிகுவாய். மேட்டு வீட்டுக்காரி. பள்ளிக்கூடத்தில் இவர் தலையில் மையைக் கொட்டியவள். இப்போது நரைத்த பின்னலும் ரப்பர் காலணியுமாக, கையில் துணி மூடிய கூடையோடு நின்றாள். குடாவின் நல்ல காளைகள் அவள் தொழுவத்தில்தான் இருக்கின்றன என்று பேருந்து ஓட்டுநர் வழியில் சொல்லியிருந்தார்.

“உருளைக்கிழங்கு மில்காவோ. சூடா இருக்கு. ஒட்டிலியா, உங்க அண்ணனுக்குக் குடுக்காத, நெஞ்சு கரிக்கும். ஏற்கெனவே கரிஞ்சுதான் கெடக்கு.”

“உள்ள வா அக்கா,” என்றாள் ஒட்டிலியா.

மூவரும் அந்த நீண்ட பெஞ்சில் அமர்ந்தார்கள். பன்றிக் கொழுப்பு மணக்கும் அந்த அடையை ரோசமேல் கேட்காமலேயே எடுத்துக்கொண்டார். பாதி தின்றதும் நேரே கேட்டார்.

“கூரைய யாரு மாத்துனா, நோல்ஃபா?”

“ஒழுகுச்சு. மாத்துனாங்க.”

“யாருன்னு கேட்டேன்.”

“ஒரு வருஷம் எங்க வீடு. ஒரு வருஷம் மான்சில்லா வீடு. ஒரு வருஷம் குனேயோ பசங்க. அறுவட முடிஞ்சு கை சும்மா இருக்கறப்போ. இதுல என்ன பெரிய விசயம் இருக்கு?”

“உங்கள யாரு செய்யச் சொன்னா?”

“ஒழுகுற கூரைய அடைக்கறதுக்கு யாராச்சும் சொல்லணுமா?” நோல்ஃபா அவரை வினோதமாகப் பார்த்தாள். “நாங்க எல்லாரும் இந்தப் பெஞ்சுல நனைஞ்சுபோய் உக்காந்தவங்கதான. எனக்குக் காய்ச்சல் வந்தப்ப உங்க அம்மா மாடியில படுக்க வெச்சாங்க.”

ரோசமேல் எழுந்துவிட்டார். நாற்பது ஆண்டுகளுக்கு மேல் அடைத்துக் கிடந்த கேள்வி வாயிலிருந்து வந்தே விட்டது.

“அப்போ அன்னைக்கு ஏன் வரல? எங்கப்பா குழம்பு வெச்சுக்கிட்டு இதே வாசல்ல நின்னாரே! ஒரு ஜோடிக் காளைகூட ஏன் வரல?”

நோல்ஃபா கூடையின் துணியை மடித்தாள்.

“உங்கப்பா கேக்கலையே.”

“கேக்கலையா? பூசையில அறிவிச்சாங்க! ஊரே காதுல வாங்குச்சு!”

“அறிவிச்சாரு. காணாமப் போன பன்னிக்குட்டியக்கூடத்தான் பூசையில அறிவிக்கிறாங்க. வீட்ட இழுக்கறதுக்கு அப்படியா கேப்பாங்க? ஒவ்வொரு வாசலா வந்து, கதவத் தட்டி, தொப்பியக் கழட்டி, வேண்டிக்கிட வந்திருக்கேன்னு சொல்லணும். சொல்லாத வீட்டுக் காரியத்துல போயி கயித்தப் பிடிச்சா, நாங்களா வந்து அந்த வீட்டப் பிடுங்குற மாதிரி. அவமானம்.” அவள் குரல் தாழ்ந்தது. “எங்கப்பா அன்னைக்கு விடியறதுக்கு முன்னாடியே காளைங்களுக்கு நுகத்தடி கட்டிட்டாரு. வாசல்ல உக்காந்துட்டாரு. ‘பெலார்மீனோ இப்ப வருவான், இப்ப வருவான்’னு. மான்சில்லா வீட்டுலயும் கட்டிவெச்சிருந்தாங்க. எல்லா வீட்டுலயும்தான். உங்கப்பா வரவே இல்ல. சாயங்காலம் நுகத்த அவுக்கறப்போ எங்கப்பா அழுதாரு, ரோசமேலு. ‘எங்க உதவி அவனுக்கு வேணாம் போல’ன்னு.”

சன்னலில் மழை மெல்லத் தட்டத் தொடங்கியது.

ரோசமேல் கடலையே பார்த்துக்கொண்டிருந்தார். கீழே ஒருவர் குழம்போடு காத்திருந்தார். மேலே ஓர் ஊரே பூட்டிய காளைகளோடு காத்திருந்தது. இடையில் ஒரு மேடு மட்டும்தான்.

“அப்பாவுக்கு வழக்கம் தெரியாமலா இருக்கும்?” என்றார், தமக்கே சொல்லிக்கொள்வதுபோல.

“தெரியும்,” என்றாள் ஒட்டிலியா. அவள் முகம் வெளுத்திருந்தது. “அம்மா அவரோட சண்ட போட்டது எனக்குக் கேட்டுச்சு. நான் சின்னவ, அர்த்தம் புரியல. ‘சூப்பு ஊத்தின கையோட போயி அவங்க வாசல்ல நின்னா, அது வேண்டிக்கறதா இருக்காது, வசூல் பண்றதா இருக்கும், நான் போக மாட்டேன்’னாரு.”

எவ்வளவு மென்மையான மனிதர்! எவ்வளவு பெரிய தவறு! கொடுத்ததைச் சொல்லிக் காட்டிவிடுவோமோ என்ற கூச்சத்தில், அவர் மற்றவர்கள் கொடுக்க வந்த வழியை அடைத்துவிட்டார். ரோசமேலுக்கு அப்பாவின் தட்டுக் கழுவும் கைகள் நினைவுக்கு வந்தன. அந்தக் கைகளுக்காக அவர் வெறுத்தவர்கள், ஆண்டுதோறும் ஏணி வைத்து இந்தக் கூரையில் ஏறியிருக்கிறார்கள்.

நோல்ஃபா எழுந்தாள்.

“மழை புடிக்கப் போவுது. காளைங்கள உள்ள கட்டணும். வேல இல்லாமக் கொழுத்துப்போய்க் கெடக்குதுங்க.” கேட்காதவரிடம் காளை தருகிறேன் என்று சொல்ல அவளுக்கு உரிமை இல்லை. வாசலில் மட்டும் திரும்பினாள். “நாளைக்கு லாரி வருதாமே. பலகைங்களப் பாத்துப் பிரிக்கச் சொல்லு. வடக்குப் பக்கம் போட்ட ஆணி எல்லாம் என் வீட்டுக்காரர் அடிச்சது. அவரு அடிச்சா லேசுல வராது.”

அவள் மேட்டுப் பாதையில் ஏறிப் போவதை இருவரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“அண்ணே,” என்றாள் ஒட்டிலியா.

“கை குடுத்துட்டேன், ஒட்டிலியா. வாக்கு.”

“தெரியும்.”

“நான் பாட்டுக்கு எத்தனையோ காலம் திட்டிக்கிட்டு இருந்துட்டு, இப்பப் போயி எந்த மூஞ்சியோட அவ வாசல்ல நிப்பேன்? வேல ஆகணும்னதும் வந்துட்டான்னுதான தோணும்?”

சொல்லி முடித்த பிறகுதான், தம் வாயிலிருந்து வந்தது யாருடைய பேச்சு என்று அவருக்குப் புரிந்தது. சொற்கள் வேறு. நிற்கும் இடம் அதேதான். மேட்டின் அதே அடிவாரம்.

ரோசமேல் தொப்பியை எடுத்தார்.

பாதை வழுக்கிற்று. மூச்சு வாங்கிற்று. பாதி மேட்டில் தலையைத் தூக்கிப் பார்த்தபோது, நோல்ஃபா தன் வீட்டு வாசலில் நின்று அவர் வருவதைப் பார்த்துக்கொண்டிருப்பது தெரிந்தது. கையசைக்கப் போகிறாள் என்று நினைத்தார். அவளோ, சட்டென்று உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

ஒரு கணம் அவர் பாதையிலேயே நின்றுவிட்டார். அடுத்த கணம் புரிந்தது. சிரிப்பும் அழுகையும் ஒன்றாய் முட்டிக்கொண்டு வந்தன. தட்டுவதற்கு ஒரு கதவு வேண்டுமே! அதற்காகத்தான் சாத்தியிருக்கிறாள்.

அவர் தட்டினார். தொப்பியைக் கழற்றினார். நரைத்த தலையில் மழை இறங்கிற்று.

நோல்ஃபா கதவைத் திறந்தாள். இதற்கு முன் அவரைப் பார்த்ததே இல்லாதவள்போல் முகத்தை வைத்துக்கொண்டு, “சொல்லுங்க,” என்றாள்.

“வேண்டிக்கிட வந்திருக்கேன்.” அவர் கீழே குடாவைக் காட்டினார். “எங்க வீட்ட மேல சாலைக்கு இழுக்கணும். உங்க காளைங்க வேணும். நீங்களும் வரணும்.” நிறுத்திவிட்டு, தொப்பியைக் கசக்கியபடி சேர்த்துக்கொண்டார்: “எங்கப்பாவுக்கும் சேத்துத்தான் கேக்கறேன்.”

அவள் உதடு துடித்தது. அதைக் கடித்துக்கொண்டாள்.

“வருவோம்,” என்றாள். பிறகு பழைய குரலில், “என்னடா இங்கயே நின்னுக்கிட்டு இருக்க? பக்கத்து வாசல் மான்சில்லா வீடு. அவரு மத்தியானம் தூங்கிடுவாரு. அதுக்குள்ள போ!”

அப்போதுதான் மேலே சாலை வளைவிலிருந்து அந்த ஒலிப்பான் கேட்டது. இருவரும் திரும்பினார்கள். காலியான லாரி ஒன்று, நாளை வர வேண்டியது இன்றே, சேற்றைத் தெறிக்கவிட்டுக்கொண்டு குடாவை நோக்கி இறங்கிக்கொண்டிருந்தது. முன் இருக்கையில் வியாபாரியின் வெள்ளைத் தொப்பி தெரிந்தது. விடுதியின் வாசலில், திறந்த கதவுக்குக் குறுக்கே, ஒட்டிலியா அந்த நீண்ட பெஞ்சை இழுத்துப் போட்டு, அதன் மேல் தனியாக உட்கார்ந்துகொண்டிருந்தாள்.

“தங்கச்சி ஒண்டியா இருக்காளே,” என்றாள் நோல்ஃபா, பதறிப்போய். “வாக்குக் குடுத்தவன் நீ. போயி என்ன சொல்லப் போற அந்த ஆளுக்கு?”

கொடுத்த வாக்கை எப்படித் திரும்ப வாங்குவது என்று அவருக்கு யாரும் சொல்லித் தந்ததில்லை. கால் கீழ்ப்பாதையில் ஓர் எட்டு வைத்தது.

அங்கேயே நின்றார். கீழே போனால் அவர் ஒற்றை ஆள். லாரிக்கு எதிரே ஒரு கிழவன்.

ஈரத் தொப்பியை உதறிக் கையிலேயே வைத்துக்கொண்டு, அவர் மேட்டில் ஏறினார். மான்சில்லா வீட்டுக் கதவு மூடியிருந்தது. ரோசமேல் பலமாகத் தட்டினார்.